புது டேங்கில் பெட்ரோல் ஏன் ஒழுகுகிறது?

புது டேங்க் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, மோட்டார் சைக்கிளை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுப் படுத்தால், காலையில் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் யமஹா ஆர்எக்ஸ்இசட் மாதிரிப் பழைய மோட்டார்களுக்கு டேங்க் மாற்றுகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. கறையைப் பார்த்ததும் கை இரண்டு பொருளைத் தேடும். ஒன்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப். இன்னொன்று, ஒரு ட்யூப் சிலிக்கன். பெட்ரோல் டேங்குக்குப் பெரும்பாலும் இரண்டுமே தப்பான மருந்து. ஏன் தப்பு என்று தெரிந்துகொண்டால், கசிவை நிறுத்தும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

எந்த இணைப்பிலும் பிடித்து இழுக்கிற இடம் வேறு, அடைக்கிற இடம் வேறு. போல்ட்டிலும் நட்டிலும் இருக்கும் மரையின் வேலை இரண்டு பாகத்தை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மரைக்கும் அதற்குள் உட்காரும் மரைக்கும் நடுவில் முடி அளவுக்கு ஒரு சுருள் வழி இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தயங்கும் அந்தச் சந்தில் பெட்ரோல் தயங்காமல் ஏறும், ஏனென்றால் அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அடைப்பு வேறு ஓர் இடத்தில் நடந்தாக வேண்டும்: இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவில் நசுங்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்திலோ, வாஷரிலோ, கேஸ்கெட்டிலோ. டேங்கைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த இணைப்பில் அடைக்கிற முகம் எது?

பெட்ரோல் காக், அதாவது டேங்கின் அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்புகிறோமே அது, பெரும்பாலும் மூன்று விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். நம் ஊரில் அதிகம் இருப்பது இரண்டு போல்ட் வகை. காக்கின் தலையில் இரண்டு காதுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எம்6 போல்ட், நடுவில் ஓர் ஓ ரிங் அல்லது தட்டை கேஸ்கெட். இதில் அடைக்கிற வேலை முழுவதும் அந்த ரப்பர் வளையத்தினுடையது.

இரண்டாவது, ஒற்றை நட் வகை. டேங்கிலிருந்து ஒரு குட்டைக் குழாய் மரையோடு கீழே நீட்டியிருக்கும், காக்கிலும் மரை இருக்கும், இரண்டையும் ஒரு நட் சேர்க்கும். சில மோட்டார்களில், ஹார்லி அதற்கு நல்ல உதாரணம், அந்த நட்டின் ஒரு பாதி வலது மரை, மறுபாதி இடது மரை. நட்டைத் திருப்பினால் டேங்கும் காக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் நட்டுக்குள் இழுக்கப்படும். இதைத் தெரியாமல் ஒரு பக்கத்தை முழுசாக ஏற்றிவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கினால், நட் காக்கின் அடியில் போய் முட்டிக்கொள்ளும், ஆனால் நடுவிலிருக்கும் வாஷர் நசுங்கியிருக்காது. இறுக்கமாக இருக்கிற மாதிரியே இருக்கும், ஒழுகவும் செய்யும். நட்டைக் காக்கில் இரண்டே சுற்று ஏற்றிவிட்டு, பிறகு டேங்கில் தொடங்குவதுதான் முறை.

மூன்றாவது, கூம்பு மரை. பழைய டேங்குகளிலும் தனியாகச் செய்து விற்கும் டேங்குகளிலும் எப்போதாவது தட்டுப்படும். மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, ஏனென்றால் இதில் அடைப்பு மரையிலேயே நடக்கிறது. அடையாளம் காண, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் ஒன்று போதும். ஆண் மரையின் நுனியில் ஓர் அளவு, 8 மில்லிமீட்டர் தள்ளி இன்னோர் அளவு எடுங்கள். கூம்பு மரையில் 16-க்கு 1 என்ற சரிவு இருப்பதால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். நேர் மரையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வெர்னியர் இல்லையா? கையாலேயே திருகிப் பாருங்கள். நேர் மரை கடைசிவரை வழுக்கிக்கொண்டு போய்த் தோளில் முட்டும். கூம்பு மரை மூன்று நான்கு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும்.

இந்த மூன்றாவது வகைக்கு மட்டும்தான் மரையில் பூசும் பொருள் வேண்டும். அதற்கும் வெள்ளை டேப் வேண்டாம். டேப்பைப் பெட்ரோல் அரித்துவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. அந்த டேப்பைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது. ஆபத்து அதன் பிசிறுகளில் இருக்கிறது. மரையில் திருகும்போது டேப் நார் நாராகக் கிழியும். ஒரு நார் உள்ளே போய்க் கார்புரேட்டர் ஊசி வால்வின் இருக்கையில் மாட்டினால் போதும், வால்வு மூடாது, கார்புரேட்டர் நிரம்பி வழியும். அதற்குப் பதிலாகப் பெட்ரோலுக்கு ஏற்றது என்று ட்யூப்பிலேயே எழுதியிருக்கும் மரை அடைப்புப் பசையை வாங்குங்கள். மரையைத் துடைத்துக் காயவிட்டு, நுனியிலிருந்து முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, அதற்கு மேல் மெலிதாக ஒரு சுற்றுப் பூசினால் போதும். காற்றுப் படாமல் இறுகும் வகைப் பசை முழுசாக இறுக ஒரு நாள் ஆகும். அந்த வகையைப் பிளாஸ்டிக் காக்கிலோ பிளாஸ்டிக் இணைப்பிலோ பூசக் கூடாது. சில பிளாஸ்டிக்குகள் அதனால் வெடித்து விரியும்.

சிலிக்கனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண சிலிக்கன் பெட்ரோலில் ஊறினால் உப்பி, ஜெல்லி மாதிரியாகி, தளத்தை விட்டு உரிந்துவிடும். ஒரு வாரம் தாங்குவதுதான் அதிலுள்ள மோசம், ஏனென்றால் சரியாகிவிட்டது என்று நம்ப வைத்துவிட்டு ஓடும் வழியில் காலை வாரும்.

எந்த ரப்பர்?

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது. அங்கிருந்து அதிகத் தூரமில்லாத சுங்கை சிப்புட்டில் ரப்பரைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் பால்மரத்து ரப்பர் பெட்ரோலுக்கு ஆகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்பதே பெட்ரோலைப் போன்ற ஒரு கரைப்பானில் இயற்கை ரப்பரைக் கரைத்து எடுத்ததுதான். டயராகவோ டியூபாகவோ பதப்படுத்திய ரப்பர் கரையாது, ஆனால் பெட்ரோலை உறிஞ்சி உப்பும், வலு இழக்கும். பழைய டியூபை வெட்டி வாஷர் செய்து போட்ட காக் சில நாளில் ஒழுக ஆரம்பிப்பது இதனால்தான்.

தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஓ ரிங்கும் அப்படித்தான். பார்க்கக் கறுப்பாக, அளவு சரியாக, காக்கில் அச்சாக உட்காரும். ஆனால் தண்ணீருக்கென்று செய்ததில் பல ஈபிடிஎம் என்ற ரப்பர். தண்ணீரையும் வெயிலையும் தாங்குவதில் அதற்கு நிகரில்லை, பெட்ரோலில் மட்டும் இட்லி மாதிரி உப்பிவிடும். வாங்க வேண்டியது நைட்ரைல் ரப்பர், கடையில் என்பிஆர் என்பார்கள். அதைவிட நல்லது எஃப்கேஎம், பலரும் வைட்டான் என்று சொல்வது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வைட்டான் என்று சொல்வதுண்டு, ஆனால் கறுப்பு வைட்டானும் இருக்கிறது. உங்கள் மோட்டார் மாடலைச் சொல்லிக் காக்குக்கான ரிங்கைக் கேட்டு வாங்குவதே நிச்சயம்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ரிங்கை வெர்னியரில் அளந்து, மூடியுள்ள ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலில் ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி அளங்கள். நைட்ரைல் கொஞ்சம் ஊதும், அதில் தப்பில்லை. பள்ளத்துக்குள் அடங்காத அளவுக்கு ஊதியிருந்தாலோ, விரலில் நசுக்கும்போது கொழகொழவென்று இருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஓ ரிங் எப்படி அடைக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிங் 2.3 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் உட்கார்ந்தால் 0.7 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். காக்கை இறுக்கும்போது இந்த 0.7 நசுங்கி, ரப்பர் திரும்பி எழப் பார்க்கிறதே, அந்த எழுச்சிதான் அடைப்பு. பல வருஷம் நசுங்கியே கிடந்த ரிங்கை வெளியே எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் பட்டையாக இருக்கும். எழும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். போதாக்குறைக்கு, பெட்ரோலில் ஊறிய ரப்பர் காய்ந்தால் சுருங்கும். நேற்றுவரை ஒழுகாத காக், கழற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு மாட்டினால் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். டேங்கை மாற்றும்போது பழைய ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். சில வெள்ளி சமாச்சாரம்தான்.

முகம் தட்டையா?

ரிங் புதிது, ரப்பர் சரி, இருந்தும் ஒழுகுகிறது என்றால் முகத்தைப் பாருங்கள். இரண்டு போல்ட் காக்கின் உடல் மென்மையான வார்ப்பு உலோகம். ஒழுகும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கியிருந்தால் இரண்டு காதும் டேங்கை நோக்கி வளைந்திருக்கும். காது மேலே போகப் போக நடுப்பகுதி டேங்கை விட்டு விலகும். அப்போது இறுக்க இறுக்க ஒழுகல் கூடத்தான் செய்யும், குறையாது. காக்கின் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் வளைந்திருக்கிறது. ரிங்கைக் கழற்றிவிட்டு, 400 நம்பர் தண்ணீர் சேண்ட் பேப்பரைக் கண்ணாடியின் மேல் விரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, முகத்தை எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்தால், முதலில் இரண்டு காதின் ஓரம் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கும். முகம் முழுவதும் ஒரே நிறமாகும் வரை தேய்க்க வேண்டும். வளைவு அதிகமாக இருந்தால் தேய்க்க வேண்டாம், ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும். காக்கையே மாற்றிவிடுங்கள்.

டேங்கின் பக்கத்து முகம் இதைவிட அடிக்கடி ஏமாற்றும். ஒரிஜினல் அல்லாத டேங்குகளில் காக் உட்காரும் வட்டத்தின் மேலேயே பெயிண்ட் அடித்திருப்பார்கள், சில சமயம் ஓரத்தில் வெல்டிங் பிசிறும் துருத்திக்கொண்டிருக்கும். பெட்ரோல் பட்டால் அந்தப் பெயிண்ட் சுருங்கி உரியும், ரிங்குக்கு அடியில் வழி திறக்கும். ரிங் படும் வட்டத்தை மட்டும் உலோகம் தெரியும்வரை சேண்ட் பேப்பரால் சுத்தம் செய்யுங்கள். குறுக்கே கீறல் விழாமல் வட்டமாகவே தேய்க்க வேண்டும். உள்ளிருந்து வெளியே ஓடும் ஒரே ஒரு கீறல் போதும், அதுவே பெட்ரோலுக்கு வாய்க்கால்.

டேங்க் வாங்கும் முன் போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். மையத்திலிருந்து மையத்துக்கு 34 மில்லிமீட்டர், 44 மில்லிமீட்டர் என்ற இரண்டும்தான் அதிகம் வருவது. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகக் காக்கின் துளையை அகலப்படுத்திப் பொருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், ரிங் வட்டத்தை விட்டு விலகி உட்காரும்.

போல்ட்டுக்கு அடியிலும் ஒரு வழி உண்டு. சில டேங்குகளில் எம்6 மரைத் துளை உள்ளே வரை திறந்திருக்கும். அப்போது பெட்ரோல் ரிங்கைச் சுற்றி வராது, போல்ட் மரையின் சுருள் வழியாகவே இறங்கிப் போல்ட் தலைக்கு அடியில் துளிக்கும். இந்த வகை மோட்டார்களுக்குக் கம்பெனியே நைலான் அல்லது ஃபைபர் வாஷர் கொடுத்திருக்கும். பழைய வாஷர் நசுங்கிப் போயிற்று என்று அதன் இடத்தில் இரும்பு வாஷரைப் போட்டால் அன்றிலிருந்து ஒழுகல் ஆரம்பம். போல்ட்டின் நீளத்தையும் மாற்றாதீர்கள். அடி மூடிய துளையில் நீளமான போல்ட்டைப் போட்டால் அடியில் முட்டி நிற்கும், காக் தளர்வாகவே இருக்கும். போல்ட் இறுகிவிட்டது என்று கை சொல்வதை நம்பி மேலும் திருகினால் டேங்கில் மரை போகும். மரை போன டேங்கைக் காப்பாற்றுவது பெரிய வேலை.

மாட்டும் வேலை

திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். சுழி டிகிரிக்குக் கீழே 40 வரை போனாலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள் இது. வீட்டு முன்னால் சாமி விளக்கு எரிகிறதா, சமையலறைக் கதவு திறந்திருந்து உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காக்கில் கை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வடிக்கும் பெட்ரோலைப் பெட்ரோலுக்கென்று விற்கும் கேனில் பிடியுங்கள். சாப்பாடு கட்டித் தரும் வெள்ளை நுரை டப்பாவில் பிடித்தால் டப்பா அப்படியே உருகி ஓட்டை விழும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம், யாராவது எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

புது டேங்கை மாட்டும் முன் அரை லிட்டர் பெட்ரோல் விட்டு நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். வெல்டிங் துகளும் பெயிண்ட் பொடியும் துணியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அந்தத் துகள் ஊசி வால்வில் மாட்டி, கார்புரேட்டரின் வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டும். காக் ஒழுகுகிறது என்று நினைத்து நாள் முழுக்கக் காக்கையே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ரிங்கில் துளி என்ஜின் ஆயில் தடவிப் பள்ளத்தில் முறுக்கு விழாமல் வையுங்கள். இரண்டு போல்ட்டையும் விரலால் கடைசிவரை ஏற்றிவிட்டு, பிறகு 10 ஸ்பேனரை எடுத்து இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். காக்கின் முகம் டேங்கைத் தொட்டதும் கை அதை உணரும். அங்கிருந்து ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்திருந்தால், எம்6 போல்ட்டுக்கு 7 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டம்தான் பேச்சு. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு.

ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள். சின்ன மோட்டார்களில் உள்விட்டம் 5 மில்லிமீட்டர் அல்லது அதை ஒட்டிய அளவு. மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிடும். பெட்ரோல் ஹோஸ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். காக்கின் மூக்கில் ஒரு தடித்த வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போய் முட்ட வேண்டும், கிளிப் அந்த வளையத்துக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப்பை மாட்டினால் செம்மண் சாலையின் அதிர்ச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வெளியே வந்துவிடும். சின்ன ஹோஸுக்கு வயர் கிளிப்பே போதும். திருகு கிளிப்பின் பல் ரப்பரை அறுத்துவிடும்.

சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். இணைப்பைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். அரை லிட்டர் ஊற்றிக் காக்கை ஆஃபில் வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். போல்ட் தலையில் தொடங்கினால் வாஷர். காக்கின் தலையும் டேங்கும் சேரும் கோட்டில் தொடங்கினால் ரிங் அல்லது முகம். திருப்பும் பிடியின் ஓரத்தில் என்றால் காக்குக்குள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது, டேங்கோடு அதற்குச் சம்பந்தமில்லை. அடுத்து ஆனில் வைத்து அரை மணி நேரம், பிறகு மோட்டாரை இடது பக்கமும் வலது பக்கமும் சாய்த்து. கடைசியாகத்தான் டேங்கை நிரப்ப வேண்டும்.

எஃப்ஐ மோட்டார்களில்

ஊசி முனையில் பெட்ரோல் பீய்ச்சும் எஃப்ஐ மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். கார்புரேட்டர் மோட்டாரில் பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோலுக்கு அழுத்தம் 2 கிலோபாஸ்கலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஹோண்டாவின் சின்ன எஃப்ஐ மோட்டார்களில் பம்ப் தரும் அழுத்தம் 294 கிலோபாஸ்கல். நூறு மடங்குக்கு மேல். கார்புரேட்டர் மோட்டாரில் ஈரமாக மட்டும் தெரியும் ஒரு பழுது இங்கே மெல்லிய தாரையாகச் சூடான என்ஜின் மேல் பீய்ச்சும். அதனால் கார்புரேட்டர் ஹோஸை இங்கே மாட்டவே கூடாது, பம்ப் அழுத்தம் தாங்கும் ஹோஸும் அதற்குரிய இணைப்பும்தான் வேண்டும். கழற்றும் முன் கையேடு சொல்லும் முறையில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். டேங்குக்குள் பம்ப் உட்காரும் தட்டின் பேக்கிங்கை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள், நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, பம்ப் இரண்டு வினாடி முனகி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால்தான் என்ஜினைத் தட்டலாம்.

ஃபைபர் வாஷர் போட்ட போல்ட்டுகளை ஒரு வாரம் ஓடிய பிறகு என்ஜின் ஆறியிருக்கும்போது ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஃபைபர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அந்தச் சிறு இழுப்பு அதற்குத் தேவை. ஓ ரிங் மட்டும் இருக்கும் இணைப்பை மறுபடி இறுக்க வேண்டாம்.